சுவர் கனமாக இருந்தால் போதுமா? பழைய கிராமத்து வீடு வாங்குமுன் செய்ய வேண்டிய கட்டமைப்பு ஆய்வு

கேள்வி: கிராமத்தில் நூறு வருடத்துக்கும் மேல் பழைய வீடு ஒன்றை வாங்கலாம் என்று இருக்கிறோம். சுண்ணாம்புக் கட்டு, சுவர் 2 அடி கனம். முன்பக்கம் ஓட்டுக் கூரை. பின்பக்கம் மர உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். அதன்மேல் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். பின் மூலை அறையில் சன்னலுக்கு மேல் சாய்வாக ஒரு விரிசல். மேல்முனையில் ஏடிஎம் அட்டை இரண்டைச் சேர்த்து நுழைக்க முடிகிறது, கீழே வர வர முடி போல மெலிந்துவிடுகிறது. அதே அறையில் சுவரைச் சுற்றி 3 அடி உயரத்துக்குப் புது டைல்ஸ். அடுத்த பக்கம் சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய குளியலறை. "கோட்டை மாதிரி சுவர், எதற்கு இன்ஜினியர்?" என்கிறார் தரகர். வங்கி மதிப்பீடு முடிந்துவிட்டது. தனியாகக் கட்டமைப்பு ஆய்வு செய்ய வேண்டுமா? யாரை அழைப்பது, என்ன கேட்பது?

பதில்:

கட்டாயம் செய்யுங்கள், அதுவும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு. வங்கியின் மதிப்பீட்டாளர் பார்த்தது கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்பதை. அவருடைய அறிக்கையில் 'கட்டடம் நல்ல நிலையில் உள்ளது' என்று ஒரு வரி இருக்கலாம். டைல்ஸைப் பெயர்த்தோ, உத்திரத்தின் முனையைக் குத்தியோ, கடைக்காலைத் (அஸ்திவாரத்தை) தோண்டியோ பார்த்து எழுதிய வரி அல்ல அது.

சுவரின் கனத்தை வைத்துத் தைரியம் கொள்ள வேண்டாம். 2 அடிச் சுவர் பல வீடுகளில் ஒரே திண்மையான சுவராக இருக்காது. கல் கட்டாக இருந்தால் பெரும்பாலும் வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு முகம், நடுவே கல் சில்லும் மண்ணும் சுண்ணாம்பும் கொட்டிய நிரப்பு. இரண்டு முகங்களையும் குறுக்கே பிணைக்கும் நீளக் கற்கள் போதுமான அளவு இருந்தால்தான் அது ஒரே சுவர்போல வேலை செய்யும். சுவரின் தலைவழியாகத் தண்ணீர் இறங்கினால் நடுவிலுள்ள சாந்து கரைந்து நிரப்பு கீழே உட்காரும், ஆப்பு அடித்தது போல இரு முகங்களையும் விலக்கும். வெளிச்சுவர் வயிறு தள்ளி நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இதைக் கண்டுபிடிக்கத் தூக்குக்குண்டு (சுவரின் நேர் பார்க்க நூலில் தொங்கவிடும் எடைக் குண்டு) போதும். ஒரே இடத்தில் சுவரின் வெளிமுகத்திலும் உள்முகத்திலும் அரை மீட்டருக்கு ஒரு அளவாக மேலிருந்து கீழ்வரை எடுக்க வேண்டும். வெளிமுகம் 40 மி.மீ. புடைத்திருக்க, உள்முகம் நேராக நின்றால் சுவர் சாயவில்லை, உள்ளுக்குள் பிளந்திருக்கிறது. இரண்டு முகமும் ஒரே பக்கம் ஒரே அளவு சரிந்திருந்தால் முழுச் சுவரும் சாய்ந்திருக்கிறது. முதலாவதற்கு முகங்களைப் பிணைத்து உள்ளே சுண்ணாம்புக் குழம்பு செலுத்துவது போன்ற வைத்தியம். இரண்டாவதில் கடைக்காலையும் கூரையின் தள்ளுவிசையையும் பார்க்க வேண்டும். 'சுவர் சற்றுப் புடைத்துள்ளது' என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் அறிக்கையால் உங்களுக்குப் பயனில்லை. எந்த இடம், எத்தனை மி.மீ., எந்த முகம் என்று இருக்க வேண்டும்.

உங்கள் விரிசலுக்கு வருவோம். ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. இரண்டு சேர்ந்தால் ஒன்றரை மி.மீ. பிரிட்டனின் பி.ஆர்.இ. ஆய்வு நிறுவனம் வகுத்து, பொறியாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் அளவுகோலில் 1 மி.மீ. வரை நுண்ணியது, 5 மி.மீ. வரை சிறியது, 5 முதல் 15 மி.மீ. வரை நடுத்தரம், 15 முதல் 25 மி.மீ. வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது. அகலத்தை மட்டும் பார்த்தால் உங்களுடையது சிறிய விரிசல்தான். ஆனால் அது மேலே அகலமாகவும் கீழே மெலிந்தும் இருக்கிறது. சுவரின் நடுப்பகுதி அப்படியே நிற்க, முனை கீழே இறங்கும்போது விரிசல் மேலே வாய் திறக்கும். நடுப்பகுதி இறங்கினால் கீழே வாய் திறக்கும். ஆகவே உங்கள் வீட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பின் மூலையை. அதற்குப் பக்கத்திலேயே பிற்காலத்துக் குளியலறை இருக்கிறது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. கழிவுநீர்க் குழாய் மூலைக்கு அடியில் கசிந்துகொண்டிருந்தால், மண்ணிலுள்ள பொடித் துகள் அரித்துப் போய்க் கடைக்கால் தாங்கல் இழக்கும். மண் களிமண்ணாக இருந்தால் ஈரத்தில் உப்பிப் பெருகும், வறட்சியில் சுருங்கும். அருகே பெரிய மரம் நின்றால், அல்லது அண்மையில் ஒரு பெரிய மரத்தை வெட்டியிருந்தால், அதுவும் இதே கோளாறைச் செய்யும்.

காரணத்தை உறுதி செய்ய இரண்டு வேலைகள். ஒன்று, குளியலறையின் தரை வடிகாலில் அடர்ந்த சாயம் கலந்த தண்ணீரை நிறைய ஊற்றிவிட்டுக் கழிவுநீர் போய்ச் சேரும் கடைசித் தொட்டியில் அது வந்து சேர்கிறதா, எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. மற்றொன்று, சோதனைக் குழி. மூலையை ஒட்டியே தோண்டக் கூடாது. மூலையிலிருந்து சற்றுத் தள்ளி, சுவரோரமாக ஒரு மீட்டர் நீளத்துக்கு மிகாமல், கடைக்காலின் அடிமட்டம் தெரியும் வரை மட்டும். கடைக்காலுக்குக் கீழே ஒரு கை மண்ணைக்கூடக் குடையக் கூடாது. கடைக்கால் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், கல்லா செங்கல்லா, சாந்து கையில் உதிர்கிறதா, அடிமண் என்ன நிறம், சாயத் தண்ணீர் வந்திருக்கிறதா என்று பார்த்துப் படமெடுத்து, அதே நாளில் மண்ணை 15 செ.மீ. அடுக்கு அடுக்காக இடித்து மூடிவிட வேண்டும். மழைக்காலத்தில் திறந்து போட்ட குழி நல்ல கடைக்காலையும் கெடுத்துவிடும்.

அந்த விரிசல் இன்னும் அசைகிறதா, எப்போதோ நின்றுவிட்டதா என்பதும் தெரிய வேண்டும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டடையும் தூசியும் பழைய சுண்ணாம்பு வெள்ளையும் உள்விளிம்பு வரை படிந்திருந்தால் பழைய விரிசல். விளிம்புகள் கூர்மையாக, உள்ளே கல்லின் நிறம் புதிதாகத் தெரிந்தால் அண்மையில் திறந்தது. ஒருமுறை சிமெண்ட் வைத்து அடைத்து, அந்த அடைப்பின் ஓரத்திலேயே மறுபடி முடி போலப் பிளந்திருந்தால் அசைவு நிற்கவில்லை என்றே கொள்ளலாம். சரியாக அளக்க, விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு சின்ன ஆணியைச் சுவரில் பதித்து, இடைவெளியை வெர்னியர் அளவியால் 0.1 மி.மீ. வரை மாதம் ஒருமுறை குறிக்க வேண்டும். முழு உண்மை தெரிய ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் கழிய வேண்டும். வாங்குபவருக்கு அவ்வளவு அவகாசம் கிடைப்பது அரிது. அதனால்தான் குழியும் வடிகால் சோதனையும் இவ்வளவு முக்கியம்.

இனி அந்த 3 அடி டைல்ஸ். குளியலறையோ சமையலறையோ அல்லாத அறையில், சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதிதாக டைல்ஸோ எனாமல் பெயின்ட்டோ வந்திருந்தால் ஓதத்தை (சுவரில் ஊறும் ஈரத்தை) மறைத்திருக்கிறார்கள் என்று முதலில் நினைக்க வேண்டும். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதம் வழக்கமாகச் சுமார் ஒரு மீட்டர் உயரம் வரை போகும். உங்கள் டைல்ஸும் அதே உயரம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை மேற்பரப்பு வழியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும், அதுதான் அதன் இயல்பு. டைல்ஸையும் சிமெண்ட் பூச்சையும் போட்டு வாயை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும். அடைபட்ட இடத்தில் சாந்து சுவருக்குள்ளேயே மாவாகும். மண் சுவராக இருந்தால் இது உயிருக்கே ஆபத்து. வெளியே சிமெண்ட் ஓடு போல விறைப்பாக நிற்கும், உள்ளே அடிச்சுவர் சேறாகியிருக்கும், இடியும்போது முன்னறிவிப்பு கிடைக்காது. உங்கள் வீட்டில் எந்தச் சுவர் சுண்ணாம்புக் கட்டு, எந்தச் சுவர் மண் என்று அறைவாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். முன்கட்டு கல்லாகவும் பின்கட்டு மண்ணாகவும் இருக்கும் வீடுகள் நிறைய உண்டு.

இரண்டு டைல்ஸையாவது பெயர்த்துப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். பின்னால் உள்ள சாந்தைச் சுரண்டினால் தெரிந்துவிடும். சாம்பல் நிறமாகக் கத்திக்கு இறங்காமல் இருந்தால் சிமெண்ட், வெண்மையாகவோ மஞ்சள் கலந்தோ இருந்து கத்தி முனைக்கு இறங்கினால் சுண்ணாம்பு. ஓதத்தைப் பார்க்கக் கையடக்க ஈரமானியை மட்டும் நம்பாதீர்கள். அது மரத்துக்கென்று அளவிடப்பட்ட கருவி. உப்புப் பூத்த சுவரில் வைத்தால், சுவர் காய்ந்திருந்தாலும் எண்ணை ஏற்றிக் காட்டும். நம்பகமான வழி, தரையிலிருந்து 10 செ.மீ., 50 செ.மீ., 1 மீட்டர், 1.5 மீட்டர் உயரங்களில் மெதுவாகத் துளைபோட்டு, விழும் தூளைத் தனித்தனியே மூடி எடுத்து, எடை போட்டு, உலர்த்தி, மீண்டும் எடை போடுவது. கீழே அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் தரை ஓதம். நடுவில் மட்டும் அதிகமென்றால் குழாய்க் கசிவு. மேலே அதிகமென்றால் கூரை.

கூடவே வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, வெளித்தரை உள்தரையைவிட எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயால்) பாருங்கள். குறைந்தது 15 செ.மீ. தாழ்வு வேண்டும். தெருவை மீண்டும் மீண்டும் உயர்த்தியும், முற்றத்தில் சிமெண்ட் போட்டும், வெளித்தரை உள்தரைக்கு மேலேயே வந்துவிட்ட வீடுகளில் ஓதத்துக்கு மருந்து சுவரில் இல்லை, தரையை வெட்டித் தாழ்த்துவதில்தான் இருக்கிறது.

தளத்தில் இருக்கும் தொட்டிதான் எனக்கு இன்னொரு பெரிய கவலை. 1000 லிட்டர் தண்ணீர் என்பது 1 டன். நூறு வருடத்துக்கு முன் அந்த உத்திரங்களைப் போட்டவர் கணக்கில் அது இருந்திருக்காது. அதோடு ஒழுகும்போதெல்லாம் மேலே சிமெண்ட் காரை போட்டுப் போட்டு வந்திருப்பார்கள். 2 அங்குலக் காரை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ. 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை என்றால் அது மட்டும் 2 டன். தளத்தின் ஓரத்தில் ஒரு சிறு துளை போட்டு மொத்தக் கனம் எவ்வளவு, எத்தனை அடுக்கு என்று அளந்த பிறகுதான் உத்திரம் தாங்குமா என்ற கணக்கையே போட முடியும். ஆய்வு முடிவு வரும்வரை தொட்டியைக் காலியாக வைக்கச் சொல்வது நல்லது.

உத்திரத்தில் முதலில் கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனை. காற்று படாது, சுவரின் ஈரம் படும். நடுவில் தட்டிப் பார்த்து 'கணீர்' என்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்ளக் கூடாது. சுவரை ஒட்டிய கடைசி 15 செ.மீ.-இல் கூர்மையான குத்தூசியை வைத்து அழுத்த வேண்டும். நல்ல மரத்தில் ஊசி சில மி.மீ. போய் நின்றுவிடும், வெளியே எடுக்கும்போது நார் நாராக இழுக்கும். உளுத்த மரத்தில் எதிர்ப்பில்லாமல் இறங்கும், சில்லு துண்டாக ஒடியும். சந்தேகம் இருந்தால் சுவரில் 12 மி.மீ. துளை போட்டு, குழாய்க் கேமராவை விட்டு முனையைப் பார்க்கலாம். மரத்தில் ஈரமானி 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பூஞ்சை வர இடமுண்டு என்று பொருள், ஈரம் எங்கிருந்து என்று தேட வேண்டும். கரையான் மண் பாதைகளைக் கீறிவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள், மறுபடி அடைத்திருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. வண்டுத் துளைகளில் மாவு போன்ற புதுத் தூள் உதிர்ந்தால் அதுவும் நடப்பில் இருக்கிறது, துளை கருத்துத் தூசி அடைந்திருந்தால் பெரும்பாலும் பழையது.

உத்திரம் தொய்ந்திருப்பதே பயப்படக் காரணம் அல்ல. பழைய மரம் சுமையில் மெல்ல வளைந்து அப்படியே நிற்பது இயல்பு. முனையிலிருந்து முனைக்கு நூல் கட்டி அளந்து, நீளத்தை 250-ஆல் வகுத்து வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். 4 மீட்டர் உத்திரத்துக்கு 16 மி.மீ. அதைத் தாண்டினால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் அடிப்பக்கம் நார் கிழிந்திருந்தால் கணக்குக்குக் காத்திராமல் முட்டுக் கொடுக்க வேண்டும்.

முன்பக்க ஓட்டுக் கூரையில் முகடு நேராக இருக்கிறதா என்று தூரத்தில் நின்று பாருங்கள். பிறகு உள்ளே, இரண்டு பக்கக் கைமரங்களையும் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களையும்) கீழே இணைக்கும் குறுக்கு விட்டத்தை யாராவது உயரம் போதவில்லை என்று அறுத்து எடுத்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். அது போய்விட்டால் கைமரங்கள் கால் அகட்டி, சுவரின் தலையை வெளியே தள்ளும். கூரைக்குச் சற்றுக் கீழே சுவரில் கிடைமட்டமாக விரிசல் ஓடியிருந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டு கூரைகள் சேரும் கூடல்வாயின் கீழே உள்ள மரத்தை விடாமல் குத்திப் பார்க்க வேண்டும். அங்கே இலை அடைத்துத் தண்ணீர் நிற்கும். ஓடு உடைந்தது சின்ன விஷயம், மாற்றிக்கொள்ளலாம்.

யாரை அழைப்பது? கட்டமைப்புப் பொறியாளர்தான், ஆனால் சுண்ணாம்பு, மண், மரக் கட்டடங்களில் வேலை செய்தவராக இருக்க வேண்டும். கான்கிரீட்டில் மட்டும் பழகியவர் இத்தகைய வீட்டைப் பார்த்து 'இடித்துவிடுங்கள்' என்றோ 'சுற்றிலும் கம்பி வலை கட்டிச் சிமெண்ட் அடியுங்கள்' என்றோ எழுதிவிட வாய்ப்பு அதிகம். இரண்டாவது யோசனை வீட்டுக்குச் செய்யும் கேடு மெதுவாகத்தான் தெரியும். "இதற்கு முன் பழுது பார்த்த சுண்ணாம்புக் கட்டடங்களில் இரண்டைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். தரகர் கொண்டுவருபவர் வேண்டாம். பழுது வேலையைத் தானே ஒப்பந்தம் எடுப்பவரும் வேண்டாம். மரத்துக்கு அனுபவமுள்ள ஒரு தச்சரையும் கூட்டிக்கொண்டால் மிக நல்லது. பொறியாளரின் கணக்கும் தச்சரின் கையும் சேர்ந்தால் பலமுறை ஒரு உத்திரத்தை மாற்றாமல் முனையை மட்டும் ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற முடியும்.

ஆய்வில் இரண்டு நிலை உண்டு. முதல் நிலை பார்வை ஆய்வு, எதையும் உடைக்காமல். இரண்டாம் நிலை திறந்து பார்ப்பது. முதல் நிலைக்குப் பிறகு 'மேலும் ஆராய வேண்டும்' என்று எழுதியிருந்தால், அந்த மேலும் ஆராய்வதை வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அதைச் செய்ய வேண்டிய காலம் பணம் உங்கள் கையில் இருக்கும் காலம்தான். முடிந்தால் நல்ல மழை பெய்து முடிந்த மறுநாள் இன்னொருமுறை வரச் சொல்லுங்கள். வெயில் நாளில் தெரியாத ஒழுக்கு அன்று தானாகத் தெரியும்.

அறிக்கையில் ஒவ்வொரு கோளாறுக்கும் நான்கு கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள்: காரணம் என்ன, இன்னும் நடக்கிறதா, விட்டால் என்ன ஆகும், எந்தப் பொருளால் எப்படிச் சரி செய்வது. அறை வரைபடத்தில் விரிசல்களை அகலத்தோடு குறித்துப் படங்களோடு தர வேண்டும். உடனே செய்ய வேண்டியவை, ஓராண்டுக்குள் செய்ய வேண்டியவை, கண்காணித்தால் போதுமானவை என்று பிரிக்க வேண்டும். 'பார்க்க முடியாத பகுதிகள்' என்ற பத்தியைத்தான் நீங்கள் முதலில் படிக்க வேண்டும். பூட்டியிருந்த அறை, பொய்க்கூரை, சாமான் அடைந்த பரண் எல்லாம் அதில் இருக்கும். பெரிய கோளாறு அங்கேயே ஒளிந்திருக்கலாம்.

மின்வயரிங், செப்டிக் டேங்க், கிணற்று நீர் ஆகியவை கட்டமைப்பு ஆய்வில் வராது, தனித்தனியே பாருங்கள். பழைய பெயின்ட்டில் ஈயமும், பிற்காலத்துத் தகடுகளில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம் என்பதால், சோதிக்காமல் சுரண்டவோ உடைக்கவோ வேண்டாம். வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இருந்தால் பழுதுபார்க்கும் முறைக்கே அனுமதி தேவைப்படலாம்.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்னால், இது கைவிட வேண்டிய வீடாக எனக்குத் தோன்றவில்லை. குழாய்க் கசிவுதான் காரணம் என்று குழியில் தெரிந்து, உத்திர முனைகள் நன்றாக இருந்தால், கசிவை நிறுத்தி, தொட்டியைத் தரையில் தனிக் கால்களுக்கு மாற்றி, டைல்ஸையும் சிமெண்டையும் எடுத்துவிட்டுச் சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பால் பூசினால் வீடு நிலைத்து நிற்கும். ஓதச் சுவர் காய மாதங்கள் ஆகும், அவசரப்பட்டுப் பூசினால் பூச்சு உப்புப் பூத்து உதிரும். விற்பவரையே சரி செய்து தரச் சொல்லாமல் விலையில் குறைத்துக் கேளுங்கள், ஏனென்றால் அவசரத்தில் செய்யும் பழுது பெரும்பாலும் மறைப்பாகவே முடியும். அறிக்கை சொல்லும் செலவோடு இன்னொரு ஐந்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள். மூலை இறங்குவதற்குக் காரணமே பிடிபடவில்லை என்றாலும், அடிச்சுவர் மண்ணாக இருந்து ஈரத்தில் கரைந்திருந்தாலும், திறந்து பார்க்க உரிமையாளர் அறவே மறுத்தாலும் விலகிவிடுங்கள்.

இந்த வாரமே உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்: மூலைக்கு அருகே ஒரு குழி, இரண்டு டைல்ஸ், சுவரில் நான்கு சிறு துளைகள், தளத்தில் ஒன்று, உத்திர முனைகளில் குத்தூசி, வடிகாலில் சாயத் தண்ணீர். எல்லாவற்றையும் உங்கள் செலவில் மூடித் தருவதாகவும் அதிலேயே எழுதுங்கள். அட்வான்ஸ் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நெருக்கினால், 'ஆய்வு அறிக்கை திருப்தியாக இல்லையென்றால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும்' என்ற வரியை, கடைசித் தேதியோடு ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.